கோபி திருத்திக் கொடுத்த கை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே மாதிரி வலது கையை நீட்டியதைப் பார்த்ததும் பாக்கியமேரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முன்வரிசையில் யாரோ ஒருத்தன் தப்பாக நீட்டியிருப்பான், மற்றதெல்லாம் ஆட்டு மந்தையாக அவன் பின்னால் போயிருக்கும் என்று நினைத்தாள். இத்தனை வருஷமாக அறிவியல் டீச்சராக இருப்பவளுக்கு மந்தையின் குணம் தெரியாதா என்ன?

"இடது கைடா, இடது கை. மோட்டாருக்கு எந்தக் கை?"

"வலது கை மிஸ்!" என்று வகுப்பே கத்தியது.

"யாரு சொன்னா?"

"நீங்கதான் மிஸ்," என்றாள் வேணி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் வேணி அந்த வகுப்பில் வாயாடி, கெட்டிக்காரி இரண்டும். அவள் விரல் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைக் காட்டியது.

திரையில் பாக்கியமேரியின் முகம் உறைந்து நின்றது. நீலப் புடவை, கழுத்தில் சிலுவை டாலர், பின்னால் ஒரு பெரிய அருவி. அந்த அருவி கோபி ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம். மின்மோட்டார் பாடத்துக்கு அருவி எதற்கு என்று அவள் கேட்டபோது, "கலரா இருக்கட்டும் டீச்சர்" என்று சொல்லியிருந்தார். அருவிக்கு முன்னால் நின்ற பாக்கியமேரி கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் மூன்று திசைக்கு விரித்து அழகாக நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டியது வலது கையை.

அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. தான்தான் தப்பு செய்துவிட்டோமா? பிறகு முந்தானையைப் பார்த்தாள். அது வலது தோளில் கிடந்தது. புடவை கட்டத் தெரிந்த நாள் முதல் அவள் முந்தானையை வலது தோளில் போட்டதே கிடையாது. யாரோ படத்தையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, கோபிதான்.

"இந்த வீடியோ தப்பு. புக்கைத் தொறங்க. பிளெமிங்கின் இடது கை விதி, மோட்டாருக்கு. சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் கம்பி நகர்ற திசை. வலது கை விதி டைனமோவுக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"புக்குலதான் தப்பு இருக்கும் மிஸ்," என்றாள் வேணி. "போன வாரம் ஒரு படத்துல அம்புக்குறி தப்பா போட்டுக்கிறாங்கன்னு நீங்களே எங்கள திருத்தச் சொன்னீங்களே. புக்கு பழசு மிஸ். வீடியோ இப்பதான வந்துது."

"நான் சொல்றேன்ல? உசுரோட உங்க முன்னாடி நின்னுக்கினு சொல்றேன்."

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். திரையிலிருந்தவள் நன்றாக உடுத்தியிருந்தாள், கோபப்படாமல் சிரித்தாள், பின்னால் அருவி வேறு. சாக்பீஸ் தூளோடு நின்றவள் தோற்றுப்போனாள். எல்லாரும் பேசாமல் இடது கையை நீட்டினார்கள், ஆனால் அது மிஸ்ஸைச் சமாதானப்படுத்துவதற்காக நீட்டிய கை என்பது பார்த்தாலே தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. தப்பான பாடத்தைக்கூடத் திருத்திவிடலாம். தன் வகுப்புப் பிள்ளைகள் தன்னைவிடத் தன் படத்தை நம்புகிறார்கள் என்பதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

இத்தனைக்கும் அந்த வீடியோவை அவள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. அறிவியலும் கணக்கும் இனி வீடியோ வழியாக நடத்த வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு பாடம் எடுத்து அனுப்புங்கள் என்று விழுப்புரம் கல்வி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கிளியனூர் போகிற சாலையில், வயலுக்கு நடுவில் இருக்கிற இந்தச் சின்ன உயர்நிலைப் பள்ளியில் வேறு யாரும் முன்வரவில்லை. தலைமையாசிரியர் சீனுவாசன் கெஞ்சினார் என்று ஒத்துக்கொண்டாள். அனுப்பியதோடு மறந்தும் போனாள். அது தேர்வாகி, பள்ளித் திரைக்கே திரும்பி வந்து தன்னையே எதிர்த்துப் பேசும் என்று கனவா கண்டாள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

அன்று சாயங்காலமே திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோபி ஸ்டுடியோவுக்குப் போனாள். அவர் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்துக்கு ரோஜாப்பூ தூவிக்கொண்டிருந்தார்.

"கோபி, என் கையை இன்னா பண்ணீங்க?"

"எந்தக் கை டீச்சர்?"

"வீடியோல நீட்டுனேனே, அந்தக் கை."

கோபியின் முகம் மலர்ந்துவிட்டது. பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். "கவனிச்சிட்டீங்களா? நீங்க அவசரத்துல இடது கைய நீட்டிட்டீங்க டீச்சர். நல்லா பேசிக்கினு இருக்கும்போது நடுவுல நிறுத்திச் சொல்ல மனசு வர்ல. கல்யாணத்துலகூட அப்டிதான், அட்சதை போட்றவங்க, மொய்க்கவர் குடுக்கறவங்க, நெறைய பேரு மறந்தாப்ல இடது கையில குடுத்துருவாங்க. அந்த எடத்த மட்டும் அப்டியே திருப்பிப் போட்ருவேன். வலது கையா ஆயிரும். பொண்ணு வீட்டுக்காரங்க பாத்துட்டு கையெடுத்துக் கும்பிடுவாங்க."

"நான் வாயால இடது கைன்னு சொன்னேனே கோபி. ஒரு தடவை இல்ல, பல தடவை."

"அந்த எடத்துலல்லாம் நாதஸ்வரம் போட்டுட்டேன்."

பாக்கியமேரி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"டைட்டில்லகூட நீங்க எழுதிக் குடுத்தது 'இடது கை விதி'. நான் 'பிளெமிங் விதி'ன்னு மட்டும் போட்டேன்," என்று கோபி மேலும் உற்சாகமானார். "மாவட்டம் பூரா பாக்கப் போற வீடியோ. ஒரு டீச்சரு புள்ளைங்க மூஞ்சிக்கு நேரா இடது கைய நீட்னா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"முந்தானை தோள் மாறிக் கெடக்குதே, அதை யாரும் சொல்ல மாட்டாங்களா?"

"அதெல்லாம் யாரு டீச்சர் பாக்கப் போறாங்க?"

கெட்ட எண்ணத்தில் செய்தவனைத் திட்டித் தீர்க்கலாம். நல்ல எண்ணத்தில் செய்தவனை என்ன செய்வது? திருப்பியதை மறுபடி திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். திருப்பினால் எழுத்தெல்லாம் தலைகீழாகிவிடும், முதலில் எடுத்த படம் இருந்த மெமரி கார்டில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா எடுத்தாகிவிட்டது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றார் கோபி.

"அப்ப நாளைக்கே எடுங்க."

"ஆவணி முகூர்த்தமெல்லாம் முடியட்டும் டீச்சர். எனக்கு சாப்புடவே நேரமில்ல, பேஜாரா கீது."

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். பள்ளிக்கூடமே பெயிண்ட் நாற்றத்தில் மிதந்தது. வியாழக்கிழமை விழுப்புரத்திலிருந்து அதிகாரி வருகிறார். வீடியோ வகுப்பை நேரில் பார்த்து அவர் சரி என்று சொல்லிவிட்டால் அது மாவட்டத்திலுள்ள எல்லாப் பள்ளித் திரைகளுக்கும் போகும். சீனுவாசன் சுவருக்கு அடித்தார், கொடிக்கம்பத்துக்கு அடித்தார், வேப்பமரத்துக்கு இடுப்பு வரை காவியும் வெள்ளையும் அடித்தார். நின்றுகொண்டே தூங்கினால் மனுஷனுக்கும் ஒரு கோட் அடித்துவிடுவார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையில் கை வைத்தார். "கை தானே டீச்சர். எந்தக் கையா இருந்தா இன்னா? பாடம் நல்லாத்தான இருக்குது?"

"சார், நீங்க தமிழ் வாத்தியாரு. குறில் இருக்குற எடத்துல நெடில் போட்டா, எழுத்து தானேன்னு விட்ருவீங்களா? கை மாறுனா திசை மாறிடும் சார். விதியே கையிலதான் இருக்குது."

"நமக்கு இப்பதான் ஒரு பேரு கெடைக்கப் போவுது. ஆபீசரு முன்னாடி போயி வீடியோ தப்புன்னு சொன்னா எப்டி? போவட்டும், பின்னால மெதுவா மாத்திக்கலாம்."

"எங்கெங்கயோ இருக்குற புள்ளைங்கல்லாம் என் மூஞ்சியப் பாத்துத் தப்பா படிக்கும் சார். இங்க என் புள்ளைங்களே நம்ப மாட்டேங்குதுங்க. லேப் சாவி குடுங்க. காந்தமும் பேட்டரியும் வெச்சி செஞ்சி காட்டிட்றேன். கண்ணால பாத்தா நம்பும்."

"லேப்ல இன்னும் பெயிண்ட் காயல. வியாழக்கிழமை தொறக்கறேன்."

அந்த வாரம் முழுக்க அவள் தொண்டை வறளக் கத்தினாள். இடது, இடது, இடது. அவள் முகத்துக்கு முன்னால் எல்லாரும் இடது கையை நீட்டினார்கள். புதன்கிழமை ஒரு சின்னப் பரீட்சை வைத்தபோது பாதி வகுப்பு வலது என்று எழுதியிருந்தது. வேணி ஒருபடி மேலே போய், "வீடியோவில் உள்ளபடி வலது கை" என்று சாட்சியோடு எழுதியிருந்தாள். பாக்கியமேரி அந்தத் தாளை மேசையில் அறைந்தாள். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான் வலித்தது.

வியாழக்கிழமை காலை அதிகாரி கோகுலகிருஷ்ணன் வந்தார். அலட்டல் இல்லாத, மெதுவாகப் பேசுகிற மனிதர். பின்வரிசை பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். வீடியோ ஓடியது. நாதஸ்வரம் முழங்கியது. அருவி கொட்டியது. திரையிலிருந்த பாக்கியமேரி, "எல்லாரும் இந்தக் கையை இப்படி நீட்டுங்க" என்று சிரித்தாள். நிஜமான பாக்கியமேரியின் பார்வை எட்டிய முன்வரிசைகள் இடது கையை நீட்டின. பின்வரிசைகள் வலது கையை நீட்டின. நடுவில் இருந்த ஒருத்தன் எதற்கு வம்பு என்று இரண்டையும் நீட்டினான்.

"ஏன் ஆளுக்கு ஒரு கை?" என்று அதிகாரி கேட்டார்.

"சில பேருக்கு இடக்கைப் பழக்கம் சார்," என்று முந்திக்கொண்டார் சீனுவாசன்.

பாக்கியமேரிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "இல்ல சார். வீடியோ தப்பு. இடது கையைத்தான் நீட்டணும்."

"வீடியோல இருக்கறது நீங்கதானே மேடம்?"

"மூஞ்சி நான்தான் சார். கை என்னுது இல்ல."

சீனுவாசன் கண்ணை மூடிக்கொண்டார். கோகுலகிருஷ்ணன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் வரலாறு படிச்சவன் மேடம். இதுல எது சரின்னு எனக்குத் தெரியாது. வீடியோவைத் தேர்வு செஞ்ச கமிட்டி பாத்து சரின்னு சொல்லியிருக்கு. நீங்க தப்புன்னு சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

"யாரையும் நம்ப வேணாம் சார். செஞ்சி காட்டறேன்."

அன்று காலைதான் திறந்த ஆய்வகத்திலிருந்து சட்டக்காந்தத்தைப் பெட்டியோடு எடுத்து வைத்திருந்தாள். பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாளை நீளமாக, மெல்லிசாகக் கத்தரித்து, ஒரு கம்பியில் தொங்கவிட்டாள். அதன் இரண்டு முனைக்கும் டார்ச் லைட் பேட்டரி. வலது கைக் கட்சிக்குத் தலைவி வேணிதான் என்பதால் அவளையே கூப்பிட்டுக் காந்தத்தைப் பிடிக்கச் சொன்னாள். அப்போதுதான் பின்னால் பேச்சு வராது.

"செவப்புப் பக்கம் வடக்கு. அதை இந்தத் தாளுக்கு நேரா பிடி. எல்லாரும் மொதல்ல இடது கையில பாருங்க. தாள் எந்தப் பக்கம் போகணும்?"

"கதவுப் பக்கம் மிஸ்."

"வலது கையில பாத்தா?"

"ஜன்னல் பக்கம்."

"சரி. இப்ப பாருங்க." பாக்கியமேரி பேட்டரியைத் தொடுத்தாள்.

அலுமினியத் தாள் விசுக்கென்று துள்ளி ஜன்னல் பக்கம் போனது.

வகுப்பு ஓவென்று கத்தியது. "வலது கை! வலது கை!" பின்வரிசை பெஞ்சில் ஏறி நின்றது. சீனுவாசனின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. அதிகாரி தர்மசங்கடமாகப் புன்னகைத்தார். பாக்கியமேரி மறுபடி தொடுத்தாள். மறுபடியும் ஜன்னல் பக்கம். பேட்டரியின் முனைகளைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. மாதாவே, இந்த அலுமினியத் தாளுக்குக்கூடவா கோபி சொல்லிக்கொடுத்திருக்கிறார்?

"பரவாயில்ல மேடம்," என்றார் கோகுலகிருஷ்ணன் எழுந்துகொண்டே. "எல்லாருக்கும் சில நேரம் மறதி வரும். வீடியோ சரியாத்தான் இருக்கு போல."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அது அழுகையில்லை, ஆத்திரம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சரியாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை ஒரு வீடியோவும் ஒரு துண்டுத் தாளும் சேர்ந்து பொய்யாக்கிவிட்டன.

"மிஸ்," என்றாள் வேணி.

"இன்னா? ஜெயிச்சிட்ட இல்ல? போய் உக்காரு."

"இல்ல மிஸ். கையெல்லாம் செவப்பா ஒட்டுது." வேணி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காந்தத்தின் சிவப்பு அதில் அப்படியே அப்பியிருந்தது. "இது புதுசா அடிச்ச பெயிண்ட் மிஸ்."

பாக்கியமேரி மெதுவாகத் திரும்பித் தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"துருப்பிடிச்சி அசிங்கமா இருந்துது டீச்சர்," என்றார் சீனுவாசன். "பெயிண்டரு டப்பாவோட நின்னாரு, அதையும் அடிச்சிடுங்கன்னு சொன்னேன். பழைய மாதிரியேதான், ஒரு பக்கம் செவப்பு, ஒரு பக்கம் நீலம்."

"எந்தப் பக்கம் செவப்பு சார்?"

எந்தப் பக்கம் எது என்று சீனுவாசன் பார்க்கவில்லை. பெயிண்டரும் பார்த்திருக்க மாட்டார்.

பாக்கியமேரி வேணியின் ரிப்பனை வாங்கினாள். காந்தத்தின் நடுவில் கட்டி, இரும்பு மேசையை விட்டுத் தள்ளி நின்று தொங்கவிட்டாள். கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் விழுந்துகொண்டிருந்ததால் திசையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. காந்தம் சுற்றியது, ஆடியது, மெல்ல நின்றது. சிவப்பு முனை தெற்கே, சத்துணவுக் கூடத்தைப் பார்த்து நின்றது. அவள் ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். சுற்றிச் சுழன்று மறுபடியும் சத்துணவுக் கூடத்தையே பார்த்தது.

"செவப்பு வடக்கில்ல மிஸ், தெக்கு!" என்று வேணி கத்தினாள். அவளே பேட்டரியை வாங்கித் தொடுத்தாள். தாள் ஜன்னல் பக்கம் துள்ளியது. வேணி சுட்டுவிரலை இந்த முறை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது கையை வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் ஜன்னலைக் காட்டியது. வலது கையை வைத்துப் பார்த்தாள். அது கதவைக் காட்டியது. தன் கட்சி தோற்றதை அவள் சந்தோஷமாகவே எல்லாருக்கும் திருப்பித் திருப்பிச் செய்து காட்டினாள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள். கோகுலகிருஷ்ணனும் பிள்ளைகளுக்கு நடுவில் நுழைந்து தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

பிறகு வராந்தாவுக்குப் போய் விழுப்புரத்துக்குப் போன் செய்தார். அந்த வீடியோவை அனுப்ப வேண்டாம், நிறுத்திவையுங்கள் என்று அவர் சொன்னது வகுப்புக்குள் கேட்டது. சீனுவாசனுக்கும் கேட்டது. "சொவத்துக்கு அடிச்சதெல்லாம் வீணாப்போச்சே டீச்சர்," என்று அவர் புலம்பினார். பாக்கியமேரி காந்தத்திலிருந்து ரிப்பனை அவிழ்த்து வேணியிடம் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி மறுநாள் வரைக்கும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கணக்கு வாத்தியார் லீவு. அவருக்குப் பதிலாக வட்டம் பாடத்துக்கு வீடியோ போட்டாள். இது கோபி எடுத்ததில்லை. நல்ல வீடியோ, அருவி இல்லை, நாதஸ்வரம் இல்லை. எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் மூன்று புள்ளி ஒன்று நான்கு வரும் என்று சொல்லி முடிந்தது.

"எல்லா வட்டத்துக்குமா மிஸ்?" என்றாள் வேணி.

"எல்லா வட்டத்துக்கும்தான். எழுதிக்கோங்க."

யாரும் எழுதவில்லை.

"செஞ்சி பாத்துடலாமா மிஸ்?"

"அதான் வீடியோல சொல்லிட்டாங்கல்ல? புக்குலயும் இருக்குது. நானும் சொல்றேன். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்குது, இன்னும் பாதிப் பாடம் கெடக்குது. எழுதுடி."

"நேத்து செவப்புப் பக்கம் வடக்குன்னுகூட நீங்கதான் மிஸ் சொன்னீங்க," என்றாள் வேணி. குரலில் துளியும் கிண்டல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வகுப்பே தலையாட்டியது.

பாக்கியமேரி திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திரையை நம்பாதீர்கள் என்று ஒரு வாரம் கத்திய வாய் அது. என்னை மட்டும் நம்புங்கள் என்று அதே வாயால் இப்போது எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை டெஸ்ட் போனது போனதுதான் என்று தோன்றியது. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, அவள் ஒப்புக்கொள்ள விரும்பாத ஒரு சந்தோஷமும் வந்தது.

"சத்துணவுக் கூடத்துல போயி தட்டு, மூடி, அண்டா, இன்னா கெடைக்குதோ எடுத்துக்கினு வாங்க. நூலும் வேணும். ஜல்தி!"

வகுப்பு பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடியது. "நான் சொன்னதுதான்டி வரும்!" என்று அவள் பின்னாலேயே கத்தினாள்.

"பாக்கலாம் மிஸ்," என்று வராந்தாவிலிருந்து பதில் வந்தது.